பரங்கிக்கொடிக் கொலை வழக்கு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் நாலு ஊர்க்காரர்கள் "அது எங்கள் ஊர்தான்" என்று சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் விடப்பட்ட ஒரு நாட்டில், மகுடேசர் என்ற அரசர் இருந்தார். ஒருநாள் காலையில் எழுந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன் கையால் ஒரு செடி வளர்க்க வேண்டும்.

சிறிய ஆசைதான். ஆனால் அது வந்த வழி நீளமானது. குளிப்பாட்ட ஓர் ஆள், தலை துவட்ட ஓர் ஆள் என்று வளர்ந்தவர் அவர். அவர் வென்றதாகக் கல்லில் வெட்டிய போரைக்கூட உண்மையில் வென்றது தளபதி. தன் கை மட்டுமே செய்தது என்று காட்ட இந்த உலகத்தில் ஒரு பொருளும் இல்லை என்பது நரை விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதனால் அரண்மனைச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி கட்டச் சொன்னார். ஒரு பரங்கி விதையை விரலால் அழுத்தி வைத்தார். "இந்தக் கொடியைத் தோட்டக்காரன் தொடக் கூடாது. நானே பார்த்துக்கொள்வேன்" என்றார்.

கொடி வந்தது. ஓடியது. பூத்தது. குடம் அளவுக்கு ஒரு காயும் பிடித்தது. அரசர் தினமும் காலையில் தங்கச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் தூரில் ஊற்றிவிட்டு, காயைத் தடவிப் பார்ப்பார். அந்த நாட்களில் அவையில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

பிறகு ஒருநாள் உச்சி வெயிலில் இலைகள் தொங்கின. மாலையில் நிமிர்ந்தன. மறுநாள் நிமிரவில்லை. தூரைத் தொட்டால் ஊறிய அப்பம் போல நசுங்கியது. மண்ணில் படுத்திருந்த காயின் அடிப்பக்கம் அழுகி, அதன்மேல் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அரசர் அன்று சாப்பிடவில்லை.

அந்த அரண்மனைக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசர் கை பட்ட எதையும் குப்பையில் போடக் கூடாது. அவர் கடித்துவிட்டு வைத்த மாம்பழக் கொட்டைக்குக்கூடத் தனி இடம் உண்டு. ஆகவே பிரதானி திருவேங்கடப்பர் யோசனை சொன்னார்: "இறந்தது அரசரின் கொடி. அது வாழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்வதுதான் மரியாதை." அழுகிய கொடியையும் காயையும் பட்டில் சுற்றி, சந்தனம் தெளித்து, மேளம் கொட்டி, அதே பாத்தியில் புதைத்தார்கள். பிரதானிக்கு ஒரு மோதிரம் கிடைத்தது.

அரசர் அந்த இடத்திலேயே இரண்டாவது விதையை வைத்தார். அது நாலு இலை விட்டதும் யாரோ கத்தரித்ததுபோல மண்மட்டத்தில் சாய்ந்தது. அதையும் பட்டில் சுற்றி அங்கேயே புதைத்தார்கள். மூன்றாவது, இரண்டு இலையோடு போயிற்று. இந்த முறை தூரைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் சிதறிக் கிடந்தன.

பிரதானி அவற்றை வாழை இலையில் அள்ளிக்கொண்டு அவைக்கு வந்தார்.

"அரசே, கடுகு. மந்திரித்த கடுகு. யாரோ தங்கள் கொடிக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள்."

அவையில் எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"யார்?" என்றார் அரசர்.

"தோட்டக்காரன் கருப்பணனின் மனைவி வீராயி. இரண்டாவது கொடி போனபோதே, 'இந்த எடத்துல பரங்கி வெளங்காது' என்று கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். கொடியைத் தொடக் கூடாது என்று தாங்கள் சொன்னதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மனக்குறை."

அரசரின் முகம் கல்லாயிற்று. "இருவரையும் எல்லைக்கு அப்பால் விட்டுவிடுங்கள்" என்றார்.

அப்போது இடதுபக்க வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொடி சாகும் என்று சொன்னவள்தான் கொன்றவள் என்றால், மழை வரும் என்று சொல்லும் சோதிடரைத்தான் வெள்ளத்துக்கும் பிடிக்க வேண்டும்."

சொன்னவள் செம்பாயி. அந்த அவையின் விகடகவி. அவளுடைய அப்பா இருந்த ஆசனம் அது. அவர் போனபின் ஆசனம் காலியாகக் கிடப்பது அபசகுனம் என்று அரசர் அவளையே உட்காரச் சொல்லிவிட்டார். அவள் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார், தான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவார் என்பது பிரதானிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

அவை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

"அம்மணிக்கு இவ்வளவு நிச்சயம் என்றால், கொன்றது யார் என்றும் தெரிந்திருக்குமே" என்றார் பிரதானி, பாகு போன்ற குரலில். "அரசே, அந்தக் கொலையாளியை இவரே கொண்டுவந்து தங்கள் முன் நிறுத்தட்டும். முடியாவிட்டால் எல்லை தாண்டும் வண்டியில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். "அடுத்த பௌர்ணமி அன்று கொலையாளி என் முன் நிற்க வேண்டும்."

செம்பாயி வணங்கினாள். ஒரு வேடிக்கைச் சொல் சொல்லத்தான் அவள் வாய் திறந்தது. அது இரண்டு பேரின் வீட்டையும் தன்னுடையதையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. பின்வாங்கலாமா என்று ஒரு கணம் மனம் கேட்டது. நேராகத் தோட்டக்காரர் வீட்டுக்கு நடந்தாள்.

அரண்மனை மதிலுக்கு வெளியே ஒட்டியிருந்தது அந்த வீடு. கருப்பணன் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீராயி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைத்தாள்.

"சிரிக்க வெக்க வந்தீங்களாக்கா? இன்னிக்கு வேணாம்."

"கேக்கத்தான் வந்தேன் வீராயி. கடுகு தூவினியா?"

"எங்க வீட்டுக் கொழம்புக்கே கடுகு பத்தலை. இதுல ராசா பாத்திக்கு வேற தூவுறேனா?"

"அப்புறம் ஏன் அந்த எடத்துல வெளங்காதுன்னு சொன்னே?"

"ரெண்டு தடவை செத்துப்போச்சு. மூணாவது தடவை பொழைக்கும்னு சொல்ல நான் என்ன பிரதானியா?"

கருப்பணன் மெல்லச் சொன்னார்: "நான் அந்தப் பக்கமே போகலீங்கம்மா. ராசா தொடக் கூடாதுன்னுட்டாரு. எதனால சாவுதுன்னு எனக்கும் தெரியல."

செம்பாயிக்கும் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் சமையற்கட்டின் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அரசர் நாலாவது விதையை வைத்திருந்தார். தங்கச் சொம்போடு வந்தார், ஊற்றினார், பெருமூச்சு விட்டார், போனார். அவர் தலை மறைந்ததும் பிரதானி வந்தார், வெள்ளிச் சொம்போடு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தானும் ஊற்றினார். "காய்க்கும்போது என் பங்கும் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அவர் போனதும் வைத்தியர். அவருக்குப் பின் சோதிடர். பிறகு தளபதி, குதிரையின் தலைக்கவசத்தில் தண்ணீர் மொண்டு வந்தார். ஒருவர் வந்தது அடுத்தவருக்குத் தெரியாது. தினமும் இதுவே நடந்தது.

அது அந்த அவையின் சுபாவம். அரசர் தும்மினால் எல்லாருக்கும் மூக்கு அரிக்கும். அரசர் ஒரு செடியை விரும்பினால் அத்தனை அன்பும் அதன் தலையில் கொட்டும்.

எல்லாரும் போனபின் அவள் பாத்தியில் விரலை விட்டாள். மண் தோசை மாவு போல இருந்தது. புளித்த வாடை அடித்தது. இன்னும் உள்ளே விட்டபோது பட்டுத்துணி தட்டுப்பட்டது. முதல் கொடியின் அடக்கத் துணி. மெதுவாக விலக்கிப் பார்த்தாள். அழுகிய தண்டிலிருந்து வெள்ளை நூல்கள் கிளம்பி, பட்டைத் துளைத்து, மண்ணுக்குள் எல்லாப் பக்கமும் ஓடியிருந்தன. நூல்கள் முடிச்சு விழுந்த இடங்களில் அந்தப் பழுப்பு மணிகள். சிலது இன்னும் வெள்ளையாக, பழுக்காமல் இருந்தன. யாரும் தூவியதில்லை. அங்கேயே விளைந்தவை.

அவள் வெகுநேரம் குந்தியிருந்தாள். நோயைப் பட்டில் சுற்றி மரியாதையோடு மறுபடி மறுபடி உள்ளே வைத்து, மேலே தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். இதை அவையில் போய்ச் சொன்னால் நம்புவார்களா? விகடகவி மண்ணைக் குற்றம் சொல்கிறாள் என்பார்கள். சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

பாத்தி மண்ணை, அந்த மணிகளோடு, ஒரு சட்டியில் அள்ளினாள். வீராயி வீட்டுக் கொல்லை மண்ணை இன்னொரு சட்டியில் நிரப்பி, அதில் வீராயியின் அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தூவினாள். இரண்டிலும் ஒரே காயிலிருந்து எடுத்த பரங்கி விதைகளை வைத்தாள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். இரண்டும் வீராயியின் கூரை ஓரத்தில் இருந்தன.

இரண்டு சட்டியிலும் பரங்கி முளைத்தது. பாத்தி மண் முளைதான் கொழுகொழுவென்று வந்தது.

"இது நல்லால்ல வருது?" என்றாள் வீராயி. "உங்க சாட்சி நமக்கே வேட்டு வெச்சிடும் போலிருக்கேக்கா."

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? நெலா வளந்துக்கிட்டே போகுது."

"நீ தண்ணி ஊத்து வீராயி. அவங்க ஊத்தின மாதிரியே ஊத்து."

சொன்னாளே தவிர, செம்பாயிக்கும் நிச்சயம் இல்லை. தான் பார்த்த நூல்களை நினைத்து நினைத்துத் தன்னைப் பிடித்துக்கொண்டாள். தினமும் அந்த முளையின் முன்னால் உட்கார்ந்து, அது சாகிறதா என்று பார்த்தாள். ஒரு காலை அது மண்மட்டத்தில் இற்று, பக்கவாட்டில் படுத்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அருவருப்பும் வந்தது. அரசர் ஆசைப்பட்டது போன்ற ஒரு பச்சை முளை அது. அதன் சாவில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். இரண்டு உணர்ச்சியையும் அவள் ஒதுக்கவில்லை. சட்டியைப் பத்திரமாக மூடி வைத்தாள்.

அதற்குள் அரசரின் நாலாவது கொடியும் சாய்ந்துவிட்டது. பௌர்ணமி அன்று அவை நிரம்பியது. கருப்பணனும் வீராயியும் வாசல் பக்கம் காவலர் நடுவே நின்றார்கள். செம்பாயி வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு ஆட்கள், வாய் அகன்ற ஒரு மண்பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். பானையைச் சுற்றிக் கைதியைக் கட்டுவது போலக் கயிறு கட்டியிருந்தது.

"அரசே, கொலையாளியைத் தங்கள் முன் நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்திவிட்டேன்."

அரசர் எழுந்து எட்டிப் பார்த்தார். "இதில் மண்தானே இருக்கிறது?"

"ஆமாம். கொன்றது இந்த மண்தான்."

அவை வெடித்துச் சிரித்தது. செம்பாயி காத்திருந்தாள். "நான் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். தான் நெருப்புப் பிடித்துவிட்டது என்று கத்தினாலும் இவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. குரலை உயர்த்தாமல், "சட்டிகளைக் கொண்டு வாருங்கள்" என்றாள்.

சட்டிகள் வந்தன.

"பிரதானியாரே, கடுகு விதைத்தால் என்ன முளைக்கும்?"

"கடுகுச் செடி முளைக்கும். அவையில் கேட்கிற கேள்வியா இது?"

"முதல் சட்டியில் வீராயி வீட்டுக் கடுகு. முளைத்திருக்கிறது. அதன் நடுவே பரங்கியும் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவது சட்டியில், தாங்கள் வாழை இலையில் கொண்டுவந்தீர்களே, அதே வகைக் கடுகு. பாத்தி மண்ணிலிருந்து எடுத்தது. செடி எங்கே என்று காட்டுங்கள்."

பிரதானி குனிந்தார். செடி இல்லை. பரங்கி முளை அழுகிக் கிடந்தது. மண்மேல் வெள்ளை நூல் வலை பின்னியிருந்தது. அதில் புதிதாகப் பழுப்பு மணிகள் காய்த்திருந்தன.

"மந்திரித்த கடுகு நூல் விடலாம்" என்றார் அவர், கொஞ்சம் தாமதித்து.

"அது வீராயியின் மந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். சட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். அவள் வீட்டுக் கூரை ஓரத்தில்தான் இரண்டும் இருந்தன. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் அந்த மந்திரத்தை நிறுத்தி, இந்த முளையைப் பிழைக்கவைத்திருப்பாளே தவிர, இப்படி எல்லார் கண்ணிலும் படும்படி நூல் விட விட்டிருக்க மாட்டாள். நம்பிக்கை இல்லை என்றால், இதே மண்ணில் தாங்களே ஒரு விதை வைத்து, தாங்களே காவல் இருந்து பாருங்கள். வண்டியை அதுவரை நிறுத்திவைக்கலாம்."

அரசர் சட்டியைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னார். நீண்ட நேரம் பார்த்தார். "இதேதான். என் காயின் அடியில் இருந்ததும் இதேதான்" என்றார்.

"அரசே, தீர்ப்புக்கு முன் ஒரு சந்தேகம். தங்கள் கொடிக்கு அன்பாகத் தண்ணீர் ஊற்றியவர்கள் இந்த அவையில் வேறு யாராவது உண்டா?"

பரிசு வரப்போகிறது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

"நான் தினமும் ஊற்றினேன் அரசே. சொல்லிக்காட்டக் கூடாது என்றிருந்தேன்" என்றார் வைத்தியர்.

"அடியேன் நல்ல நேரம் பார்த்து ஊற்றினேன்" என்றார் சோதிடர்.

"நான் கவசம் நிறைய" என்றார் தளபதி.

"அரசருக்கு அடுத்தபடியாக முதலில் ஊற்றியது நான்தான். இவர்களெல்லாம் எனக்குப் பிறகு" என்றார் பிரதானி.

அரசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

செம்பாயி கேட்டாள்: "நம் நாட்டில் கொலைகாரனுக்கு என்ன தண்டனை?"

அரசர் அதைப் பலமுறை சொன்னவர். வாய் தானாகச் சொல்லியது. "செத்தவரின் உடலை அவனிடமிருந்து எடுத்து எரிக்க வேண்டும். அவனுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வெயிலில் நிற்க வேண்டும். செத்தவரின் உறவினர் இருக்கும் பக்கம் பல ஆண்டுகளுக்குத் தலைகாட்டக் கூடாது."

"அப்படியே இந்த மண்ணுக்கும் செய்யச் சொல்லுங்கள். புதைத்த கொடிகளையெல்லாம் தோண்டி எரிக்கட்டும். பாத்தியைக் கொத்திப் புரட்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கோடை முழுக்கக் காயவிடட்டும். பரங்கியும் அதன் சொந்தமான சுரை, பீர்க்கு, வெள்ளரியும் பல ஆண்டுகள் அங்கே வர வேண்டாம். சோளமும் கம்பும் வரட்டும். இதைவிடப் பொருத்தமான தண்டனை அதற்குக் கிடையாது."

"கொடுத்தேன்" என்றார் அரசர். அவர் உதடு லேசாக விரிந்தது.

"கொலைகாரனுக்குத் தண்ணீர் கொடுத்துத் தெம்பாக வைத்தவர்களுக்கு? செத்தவரின் உடலை அவனிடமே ஒளித்து வைத்தவர்களுக்கு?"

"அதே தண்டனை."

"அதைவிடக் கடுமையாக" என்றார் பிரதானி. சொல்லி முடித்த பிறகுதான் தன் விரலில் இருந்த மோதிரம் அவர் கண்ணில் பட்டது.

வைத்தியர் சோதிடரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அரசர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "செம்பாயி, என் சொம்பும் இதில் சேருமா?"

அவளிடம் அந்த இடத்துக்கு ஏற்ற வேடிக்கைச் சொற்கள் இருந்தன. ஏதாவது ஒன்றைச் சொன்னால் அரசர் சிரிப்பார், எழுந்து போவார், எல்லாம் சுமுகமாக முடியும். ஆனால் மேலே நிற்காத குற்றம் கீழே வழியும். வழிந்து வழிந்து வாசலில் நிற்கும் இரண்டு பேரின் காலடியில்தான் மறுபடி தேங்கும். இன்று இல்லாவிட்டால் இன்னொரு செடி சாகும் நாளில். அவள் சிரிப்பை விழுங்கினாள்.

"சேரும் அரசே. முதல் சொம்பே அதுதான். அதைப் பார்த்துத்தான் மற்றவை வந்தன."

முதல் முறையாக அந்த அவையில் அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அரசர் தன் இரு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பிரதானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சத்தம் மேலே வந்தது. அரசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தனியாக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு செடியைக் கொல்வதைக்கூட என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை. அதற்கும் உங்கள் எல்லாருடைய துணையும் வேண்டியிருந்திருக்கிறது" என்றார். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

தண்டனை அன்றே நடந்தது. உச்சி வெயிலில் பாத்தியைத் தோண்டிப் பட்டுப் பொட்டலங்களை எடுத்து எரித்தார்கள். மண்வெட்டி பிடித்தது அரசர். அவர் நிழலுக்கு ஒதுங்கவில்லை. அதனால் பிரதானியும் வைத்தியரும் சோதிடரும் தளபதியும் ஒதுங்க முடியவில்லை.

தங்கச் சொம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு, அரசர் தன் முத்துமாலையைக் கழற்றிச் செம்பாயியிடம் நீட்டினார். "இது போதாது. இன்னும் கேள்."

"அவையில் தினமும் நான் சொல்லும் ஒரு சொல்லை யாரும் சிரிக்காமல் கேட்க வேண்டும் அரசே. மற்றதற்கெல்லாம் சிரித்துக்கொள்ளட்டும்."

"தந்தேன். இன்றைய சொல்லைச் சொல்."

"மதிலுக்கு வெளியே, தங்கள் வீட்டு வாசலில், இரண்டு பேர் இன்னும் காவலில் நிற்கிறார்கள்."

அரசர் தானே நடந்து போனார். காவலரை விலகச் சொன்னார். கருப்பணனின் முன்னால் வந்து நின்றார். தன்னிடம் மன்னிப்புக் கேட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார், கேட்டுப் பழக்கமில்லை. கடைசியில், "உன் கொல்லையில் மண் நன்றாக இருக்கிறது. அங்கே நான் ஒரு விதை நட்டுக்கொள்ளலாமா?" என்றார்.

கருப்பணன் மனைவியைப் பார்த்தார். வீராயி அரசரை மேலும் கீழும் பார்த்தாள். வழக்கம்போல அவர் கையில் தங்கச் சொம்பு இருந்தது.

"தாராளமா நடுங்க ராசா. மேடு கட்டித் தர்றோம், தண்ணி தேங்காது. காய் புடிச்சா அடியில வைக்கோல் போட்டுக்கலாம். சொம்பை மட்டும் வாசல்லயே வெச்சுட்டு வாங்க."

அரசர் மதில் அதிரச் சிரித்தார். பிறகு குனிந்து, சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.